கெடுத்துக் கொண்டு வா

“எல்லா அவுட்புட்டும் சரியா வருது மேடம். கையெழுத்து மட்டும் ஏன் போடல?”

இசக்கிராஜா ரெக்கார்டு நோட்டை மேசையில் வைத்தான். திங்கட்கிழமை கம்ப்யூட்டர் பிராக்டிகல் பரீட்சை. கையெழுத்தில்லாத ரெக்கார்டோடு போனால் லேபுக்குள் விடமாட்டார்கள்.

மும்தாஜ் மேடம் நோட்டைப் புரட்டினார். ஆஸ்பத்திரி டோக்கன் புரோகிராம். பத்து நோயாளிகளை வந்த வரிசைப்படி கூப்பிட வேண்டும். எட்டுப் பக்கம். ஓர் அடித்தல் திருத்தல் இல்லை.

“யாரு எழுதினது?”

“ஏஐ சொல்லிச்சு. நான்தான் கையால எழுதுனேன். விரலே வீங்கிட்டு மேடம்.”

பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. அதனாலேயே மேடத்துக்கு அவனைப் பிடிக்கும்.

கடைசி வரியில் விரலை வைத்தார். புரோகிராம் முடிந்த பிறகும், அதே முத்து முத்தான எழுத்தில் இருந்தது: ‘வேறு ஏதாவது உதவி வேண்டுமா?’

ஈயடிச்சான் காப்பி என்றால் இதுதான். அவன் முகம் தொங்கிப்போயிற்று.

மேடம் திட்டவில்லை. அதன் கீழே சிவப்பு மையில் பதில் எழுதினார்: ‘வேண்டும். ஒரு வரியைக் கெடுத்துக் கொண்டு வா.’

“கெடுக்கணுமா?”

“ஆமாப்பா. ஓட்டுறதுக்கு முன்னாடியே, என்ன கெடும்னு எழுதிக் காட்டு. அதே மாதிரி கெட்டா கையெழுத்து.”

“அதையும் ஏஐகிட்ட கேக்கலாமா?”

“தாராளமா கேளு.”

மறுநாள் ஏஐயிடம் கேட்டு எழுதி வந்தான். மேடம் “ஏன்?” என்று ஒரு வார்த்தைதான் கேட்டார். நோட்டை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனான்.

வெள்ளிக்கிழமை மறுபடி வந்தான். நோயாளிகள் பட்டியலில் ஏஐ போட்டிருந்த ஆலிஸ், ஜான் எல்லாரையும் எடுத்துவிட்டுத் தெரிந்தவர்கள் பெயரைப் போட்டிருந்தான். அப்படிப் போட்ட பிறகுதான் ஏன் என்று பிடிபட்டதாம். கடைசிப் பெயர் பேச்சியம்மாள். அவன் அம்மா.

பென்சிலில் எழுதியிருந்தான்: ‘இந்த வரியின் எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்தால் பத்தாவது ஆளைக் கூப்பிடாது.’

“ஏன்?”

“ஒம்பதோட எண்ணுறத நிறுத்திருதுல்லா மேடம். இன்னொரு ஆளு உக்காந்திருக்கது அதுக்குத் தெரியாது.”

கம்ப்யூட்டரில் புரோகிராமை ஓட்டினான். ஒன்பது பெயர்கள் வந்தன. பிறகு, ‘அனைவரும் பார்க்கப்பட்டனர்’ என்று வந்தது.

இசக்கிராஜா திரையில் அம்மா பெயரைத் தேடினான்.

“சரியாக் கெடுத்துட்ட.” மேடம் பேனாவைத் திறந்தார். “நோட்டைக் குடு.”

அவன் கொடுக்கவில்லை. கீபோர்டை இழுத்துக்கொண்டான்.

“ஒரு நிமிஷம் இருங்க மேடம். மொதல்ல அம்மாவக் கூப்பிட்டுருதேன்.”