எரியாத பல்பின் கணக்கு

பிச்சாண்டி நாடகக் கம்பெனியில் விளக்குப் போட்டவர். திரைக்குப் பின்னால் நின்று ராஜா, நாய், இடி எல்லாவற்றுக்கும் குரல் கொடுத்தவரும் அவர்தான். நாற்பது வயதில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஆற்றங்கரை மடத்தில் வந்து சேர்ந்தார். மடத்தின் தலைவி தில்லைமாதா அவரைவிட இளையவர். முன்பு கல்லூரியில் இயற்பியல் நடத்தியவர்.

அன்று காலை பிச்சாண்டியின் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"அம்மா, நாளைக்கு வாய்க்கால் பேச்சுக்கு வேற யாரையாவது அனுப்புங்க."

வாய்க்காலின் தலைப்பில் இருக்கும் மேலூர்க்காரர்களும் கடைசியில் இருக்கும் கடைமடைக்காரர்களும் கூடும் பேச்சு அது. மடத்து ஆள் நடுவில் உட்கார்ந்து யாருக்கு எவ்வளவு தண்ணீர் என்று முறை சொல்ல வேண்டும். மேலூர்ப் பெரியவரின் அதட்டலுக்கு அந்த ஆள் வளைந்துவிட்டால் கடைமடை நாற்று கருகிப்போகும்.

"ஏன், என்னாச்சு?"

"சோதிச்சுப் பாத்துட்டேன். கண்ணாடி முன்னால நின்னு, பெரியவர் குரல்லயே என்னை அதட்டினேன். 'யாருய்யா நீ, எங்க தண்ணிக்கு அளவு சொல்ல?'"

கனைப்பு, வெற்றிலைக் குதப்பல் எல்லாம் அச்சு அசல்.

"உடனே என் குரல்ல, 'நீங்க சொன்னா சரிங்கய்யா'ன்னுட்டேன். என் அதட்டலுக்கே நான் தாக்குப்பிடிக்கல. அங்க போய் எப்படிம்மா?"

தில்லைமாதா சிரிப்பை அடக்கிக்கொண்டார். அலமாரியிலிருந்து ஒரு குண்டு பல்பையும் மீட்டரையும் எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"இதோட மின்தடை என்னன்னு பாருங்க."

பிச்சாண்டி மீட்டர் முனைகளைப் பல்பில் வைத்தார். "நாப்பது ஓம்."

"நம்ம லைன் இருநூத்தி முப்பது வோல்ட். எவ்வளவு கரண்ட் இழுக்கும்?"

"வோல்ட்டை ஓமால வகுக்கணும்." விரல்கள் மடிந்தன. "ஆறு ஆம்பியருக்குக் கொஞ்சம் கம்மி. அதை வோல்ட்டோட பெருக்கினா, ஆயிரத்து முந்நூறு வாட்டுக்கு மேல."

பல்பைத் திருப்பிப் பார்த்தார். நூறு வாட் என்று அச்சடித்திருந்தது.

"நூறாம். புளுகன். இதை மாட்டிடாதீங்கம்மா. நம்ம ஃபியூஸ் அஞ்சு ஆம்பியர். பட்டுனு போயிடும்." அந்தப் 'பட்' சத்தத்தையும் வாயாலேயே வெடித்துக் காட்டினார்.

தில்லைமாதா பல்பை மாட்டினார். வயரைக் கவ்விப் பிடிக்கும் மீட்டரைப் பொருத்திவிட்டு சுவிட்சைப் போட்டார். பிச்சாண்டி காதைப் பொத்திக்கொண்டார்.

பல்பு சமர்த்தாக எரிந்தது.

"இப்ப எவ்வளவு கரண்ட்?"

ஒரு காதை மட்டும் விடுவித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். "அரை ஆம்பியர்கூட இல்ல. பாயிண்ட் நாலு மூணு."

"அதை வச்சுத் தடையைச் சொல்லுங்க."

"இருநூத்தி முப்பதை இதால வகுத்தா..." குரல் இறங்கியது. "ஐந்நூத்தி முப்பத்தஞ்சு ஓம் வருது. பெருக்கினா, கிட்டத்தட்ட நூறு வாட். அப்ப அந்த நாப்பது எங்கம்மா போச்சு?"

"அது எரியாதப்போ உள்ள கணக்கு. உள்ள இருக்கிற இழை சூடாக சூடாகத் தடையும் ஏறும்."

பிச்சாண்டி பல்பையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறு யாருடைய குரலும் வாய்க்கு வரவில்லை. தன் குரலிலேயே கேட்டார்.

"அப்ப நாளைக்கு நான் எத்தனை ஓம் இருப்பேன்?"

"வகுக்கிறதுக்குக் கரண்ட் வேணுமே, பிச்சாண்டி," என்றார் தில்லைமாதா. "அது நாளைக்குக் காலையிலதானே வருது."