நீர்க்காகம் கேட்ட இடம்

நெடுந்தாங்கல் ஏரியில் ஒரு நீர்க்காகம் இருந்தது. மூச்சடக்கி முங்குவதில் அதை மிஞ்ச அங்கே ஆளில்லை.

ஆண்டுதோறும் பனிமலைக்கு அப்பாலிருந்து பட்டைத்தலை வாத்துகள் அந்த ஏரிக்கு வரும். அவற்றின் நாட்டில் பெரிய கல்விக்கூடம் ஒன்று உண்டு. ஏரிகள் ஏன் சாகின்றன, செத்த ஏரியைப் பிழைக்க வைப்பது எப்படி என்று அங்கே கற்பிப்பார்கள். திரும்பும்போது ஒரே ஒரு பறவையை வாத்துகள் உடன் அழைத்துப் போகும். இடம் கேட்பவர் சபையில் நின்று தன் வேலையைச் சொல்ல வேண்டும். தெரிந்தவர் ஒருவர் சாட்சி சொல்ல வேண்டும். அதுதான் விண்ணப்பம்.

நீர்க்காகத்துக்கு அந்த இடம் வேண்டும். ராத்திரி பகல் அதே நினைப்பு. சொல்லிக்கொள்ள வேலையும் இருந்தது. போன கோடையில் ஆகாயத்தாமரை ஏரியையே மூடிவிட்டது. மீன்கள் மூச்சுமுட்டி மிதந்தன. நீர்க்காகம் அடிவரை முங்கி, மதகை வேர்கள் அடைத்திருப்பதைக் கண்டு சொன்னது. ஆமைகள் வேரைக் கடித்தன. நீர்நாய்கள் இழுத்தன. களைத்தவர்களைத் தவளைகள் கத்திக் கத்தியே எழுப்பின. கடைசி வேரை வெட்டும்போது நண்டின் பெரிய கொடுக்கு மதகில் சிக்கி முறிந்தது. பிறகு முளைத்தது பிஞ்சு வெண்டைக்காய் அளவுதான். ஆனால் மதகு திறந்தது, களை அடித்துப் போனது, ஏரி பிழைத்தது.

விண்ணப்பம் சொல்லிக்கொடுக்கப் பனைமரத்தில் ஒரு கிளி இருந்தது. ஏரியை ஒருநாளும் தாண்டாத அந்தக் கிளி, தாண்டுவது எப்படி என்று ஊருக்கெல்லாம் வகுப்பெடுத்தது!

"எங்கே, சொல்லிக்காட்டு!" என்றது கிளி.

"நாங்க எல்லாரும் சேர்ந்து மதகைத் திறந்தோம்..."

"போச்சு! இருக்கிறது ஒரே இடம்மா! எல்லாரையுமா முதுகுல தூக்கிட்டுப் போவாங்க?"

"ஆமைங்க வேரைக் கடிக்கலைன்னா..."

"நீ ஆமைக்கு இடம் கேக்குறியா, உனக்குக் கேக்குறியா?"

கிளியே ஒவ்வொரு வரியாகச் சொல்லிக்கொடுத்தது.

"வேரைக் கண்டது நீ. கடிச்சது நீ. இழுத்தது நீ. சொல்லு பார்ப்போம்!"

முதலில் நாக்கு இடறியது. பொழுது சாய்வதற்குள் சரளமாக வந்தது. மறுநாள் காலையில், உண்மையிலேயே அப்படித்தான் நடந்தது போலவும் தோன்றியது.

சபை கூடியது. தங்கள் வீட்டுப் பெண் பேசப்போகிறாள் என்று ஏரியே திரண்டு வந்தது. ஆமைகள் முன்வரிசையில் கழுத்தை நீட்டி உட்கார்ந்தன. நண்டு ஒரு பாறைமேல் ஏறி நின்றது. அநியாயம் எங்கே நடந்தாலும் முதலில் கரையேறிக் கத்துவது அந்த நண்டுதான். உண்மையைச் சொன்னதற்காகக் கொக்குகளிடம் கொத்துப்பட்ட தழும்புகள் அதன் ஓடெங்கும் இருந்தன.

நீர்க்காகம் பேசியது. மதகைத் தான் திறந்த கதையை அழகாகச் சொன்னது. ஆமை இல்லை, நீர்நாய் இல்லை, தவளை இல்லை, நண்டும் இல்லை.

பேசி முடித்ததும் கூட்டத்தைப் பார்த்தது. நீட்டியிருந்த கழுத்துகளை ஆமைகள் ஒவ்வொன்றாக உள்ளே இழுத்துக்கொண்டன.

"சாட்சி யார்?" என்றது மூத்த வாத்து.

பெரிய இடத்துச் சாட்சி எடுபடும் என்று கிளி ஒரு கழுகிடம் சொல்லி வைத்திருந்தது. கழுகுக்கு நீர்க்காகத்தின் முகம்கூடத் தெரியாது. அது வரவேயில்லை.

"பரவாயில்லை. பாறைமேல் நிற்கும் நண்டே, நீ சொல். இவள் சொன்னது உண்மையா?"

நண்டு நீர்க்காகத்தைப் பார்த்தது. வெகுநேரம் பார்த்தது.

"ஆமாங்க. அவ சொன்னபடிதான் நடந்துச்சு."

"உன் கொடுக்கு ஏன் இவ்வளவு சிறிதாக இருக்கிறது?"

"அது பிறவியிலேயே அப்படிங்க."

நீர்க்காகத்துக்கு இறகுக்குள் தலையைப் புதைத்துக்கொள்ளலாமா என்றிருந்தது.

மூத்த வாத்து மெல்லச் சொன்னது. "திறமைசாலிதான் நீ. ஆனால் பாடம் தெரிந்தும் எங்கள் ஏரியும் பாசி மூடிச் சாகிறது. பலரைச் சேர்த்து வேலை செய்தவர் யாராவது கிடைப்பாரா என்றுதான் ஏரி ஏரியாகத் தேடுகிறோம். தனியாகவே எல்லாம் செய்பவருக்கு எங்களிடம் இடம் இல்லை."

"ஐயோ, நான் தனியாச் செய்யலை!" என்று நீர்க்காகம் கத்தியது. "இவங்க எல்லாரும் செஞ்சாங்க! அந்தக் கொடுக்கு மதகுலதான் முறிஞ்சது!"

மூத்த வாத்து நண்டின் பக்கம் திரும்பியது.

"அப்படியானால் நண்டு சொன்னது பொய்" என்றது வாத்து. "இடம் கேட்டவரும் பொய், சாட்சியும் பொய். நாளை இந்த ஏரியிலிருந்து யார் வந்து நின்றாலும் நாங்கள் எதை நம்புவது?"

வாத்துகள் எழுந்து, மேற்கே இருந்த வேறொரு ஏரியை நோக்கிப் பறந்தன.

கூட்டம் ஒரு வார்த்தை பேசாமல் கலைந்தது. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது நீர்க்காகத்துக்கு. பாறையருகே போய்த் தலைகுனிந்து நின்றது.

"எனக்காகவா பொய் சொன்னீங்க, அண்ணே?"

"நீ படிச்சுட்டு வந்தா ஏரிக்கு நல்லதுன்னு நெனச்சேன். கொக்கு என் ஓட்டை உடைச்சப்போகூட நான் பொய் சொன்னதில்ல, தங்கச்சி. நீ கேக்கக்கூட இல்ல. நானாவே சொல்லிட்டேன்."

"என்னை மன்னிச்சிடுங்க அண்ணே."

"உன்னை மன்னிச்சாச்சு, போ. என் மூஞ்சியை நான் எங்க வெச்சுக்கிறது?"

நண்டு பாறையிலிருந்து இறங்கி, யார் கண்ணிலும் படாமல் தன் வளைக்குள் போனது.

பலர் பாடுபட்டுச் செய்ததைத் தன் சாதனையென்று காட்டி இடம் கேட்பவர், அந்த இடத்தை இழப்பதோடு, தன்னை நேசித்தவர்களையும் மானம் இழக்கச் செய்வார்.