துமார் கடலுக்குப் போகாத கதை

அந்தக் காலத்தில், ஆறும் நாரையும் மனிதரோடு பேசிய நாட்களில், மரமே இல்லாத ஒரு பெரும் புல்வெளியில் துமார் என்ற சிற்றாறு ஓடினாள். கிழக்கு மலையில் பனி உருகும்போது பிறப்பாள். வளையாமல் நெளியாமல் நேரே வடக்கே ஓடிப் பேராற்றில் சேர்ந்து, அவனோடு கடலுக்குப் போவாள். மறுபடி மேகமாகி, பனியாகி மலைக்குத் திரும்புவாள்.

குதிரை மேய்க்கும் சபீரா அவளுக்குத் தோழி. வசந்தம்தோறும் அவள் கரையில் வந்து உட்காருவாள். கடலில் பார்த்ததையெல்லாம் துமார் சொல்லச் சொல்ல, குதிரைகள்கூட மேய்ச்சலை விட்டுக் கேட்டு நிற்கும்.

ஒரு வருடம் பனி குறைவு. துமார் மெலிந்து ஓடினாள். சபீராவையும் கரையில் காணவில்லை. அப்போது ஒரு நாரை பறந்து வந்தது. சபீரா மேற்கே பள்ளத்தில் குழந்தை பெற்றுக் கிடக்கிறாள், அங்கே ஊற்று வற்றிவிட்டது, தண்ணீர் தேடிப் போன கணவன் ஒராஸ் இன்னும் திரும்பவில்லை என்றது. அந்தப் பள்ளத்தில் இறங்கிய நீர் வெளியேற வழியில்லை என்றும் எச்சரித்தது.

"குழந்தை அழுகிறதா?" என்று கேட்டாள் துமார்.

"காலையில் அழுதது. இப்போது அழவில்லை."

துமார் மேற்கே திரும்பினாள். கொஞ்ச தூரம் போனதும் பேராற்றின் இரைச்சல் கேட்டது. மனம் கேளாமல் வடக்கே வளைந்தாள். குழந்தையை நினைத்து மறுபடி மேற்கே திரும்பினாள். வழியெல்லாம் இப்படியே.

பள்ளத்தை அடைந்தபோது சபீரா தவழ்ந்து வந்து நீரை அள்ளிக் குடித்தாள். விரலை நனைத்துக் குழந்தையின் உதட்டில் வைத்தாள். வெகுநேரம் கழித்துக் குழந்தை அழுதது. சாயங்காலம் ஒராஸும் வந்து சேர்ந்தான்.

துமாரால் மேலே ஏற முடியவில்லை. பள்ளத்திலேயே பரந்து ஏரியானாள். அவள் விட்டு வந்த பழைய தடத்தைக் காற்று மணலால் மூடியது.

"என்னால் உனக்குக் கடல் இல்லாமல் போயிற்றே," என்றாள் சபீரா.

துமார் சொன்னாள்: "இந்த மண்ணில் உப்பு இருக்கிறது, சபீரா. என்னில் கரைந்துகொண்டே வருகிறது. அந்த ருசி எனக்குப் பழக்கமானதுதான்."

அன்று முதல்தான் துமார் ஆறு வடக்கே வளைந்து வளைந்து, மேற்கே போய் முடிகிறது. அது முடிகிற உப்பேரியை அங்குள்ள மேய்ப்பர்கள் ஏரி என்று சொல்வதில்லை. கடல் என்றே சொல்கிறார்கள்.