வடக்கே பொதுச் சந்து

ஒரு ஊரில் ஒரு கோர்ட்டு இருந்தது. கோர்ட்டு இருந்தால் வக்கீல் இல்லாமல் இருக்குமா? செண்பகவல்லி என்று ஒரு வக்கீல் இருந்தார். அவரிடம் தொழில் கற்றுக்கொள்ள அரியநாயகம் வந்து சேர்ந்தார். குரு சின்னவர், சீடர் பெரியவர். பஸ் டிப்போவில் வேலை பார்த்து, ஓய்வு பெற்று, அதற்கப்புறம் சட்டம் படித்த மனுஷன். முதல் நாளே அவர் கேட்ட கேள்வி இதுதான்:

"மேடம், எதிராளியை எப்படித் தெரிஞ்சுக்கறது?"

வேலை வரட்டும் என்றார் செண்பகவல்லி.

வேலை பேச்சித்தாய் உருவத்தில் வந்தது. அவள் வீட்டிலிருந்து தெருவுக்கு வர ஒரே ஒரு சந்து. பக்கத்து வீட்டுத் திரவியம் அதை அடைத்துச் சுவர் எழுப்பப் போகிறான். செங்கல்லும் சிமெண்டும் இறங்கிவிட்டன. இன்னும் நாலு நாளில், மத்தியானம், கொத்தனார் வருகிறார். அதற்குள் தடை உத்தரவு வாங்கவில்லை என்றால், அப்புறம் அவள் தன் வீட்டுக்குச் சுவரேறித்தான் போக வேண்டும்.

அரியநாயகம் சும்மா இருக்கவில்லை. பத்திரப் பதிவு ஆபீஸில் வில்லங்கம் போட்டுப் பார்த்தார். கோர்ட்டில் பழைய வழக்குகளைத் தேடி நகல் வாங்கினார். ஒன்று சிக்கியது. சிக்கியதும் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். மனுவில் எழுதிவிட்டார்: 'எதிர்மனுதாரர் பெற்ற தாய் மீதே வழக்குத் தொடுத்த குணம் உடையவர்.'

"பெருசா எழுதுங்க சார்," என்றாள் பேச்சித்தாய். "ஜட்ஜய்யா கண்ணாடி இல்லாமயே படிக்கட்டும்."

கொத்தனார் வரும் நாள் காலை. கோர்ட்டு கூட இன்னும் கொஞ்ச நேரம்தான். செண்பகவல்லி மனுவைப் படித்தார். அந்த வரிக்கு வந்ததும் நின்றார்.

"இது எங்க கிடைச்சது சார்?"

"கோர்ட்டு ரெக்கார்டுல, மேடம். வாதி திரவியம். முதல் பிரதிவாதி அவரைப் பெத்த அம்மா. சீல் வச்ச நகல்."

"உங்க போனை எடுங்க. கோர்ட்டு வழக்கெல்லாம் அதுல பாக்கலாம்ல? என் பேரைப் போட்டுத் தேடுங்க."

"மேடம், நேரமாச்சு."

"தேடுங்க."

பேச்சித்தாய் கடிகாரத்தைப் பார்த்தாள். வக்கீலம்மாவைப் பார்த்தாள். "வெளையாடுற நேரமாம்மா இது?" என்று முனகினாள்.

அரியநாயகம் தேடினார். சுற்றிச் சுற்றி ஒருவழியாகத் திரை திறந்தது. படித்தவர் முகம் மாறியது.

"வாசிங்க சார்."

"வாதி செண்பகவல்லி." திரையைத் தள்ளினார். "முதல் பிரதிவாதி கோமதியம்மாள்."

"கோமதியம்மாள் யாரு?"

அவருக்குத் தெரியும். தினமும் சாயங்காலம் பிளாஸ்க்கில் காபி கொண்டுவந்து, "சர்க்கரை போதுமா தம்பி?" என்று அவரையும் கேட்டுவிட்டுப் போகிறவர்.

"உங்க அம்மா."

"எனக்கு என்ன குணம், சார்?"

அவர் போனைக் கவிழ்த்து வைத்தார்.

"பாகப்பிரிவினை வழக்கு. சித்தப்பா பங்கு தரல. அம்மாவுக்கு வாதியா நிக்கப் பயம். பங்கு உள்ளவங்களை விட்டுட்டு வழக்கு நிக்காது. அதனால பிரதிவாதியாச் சேர்த்தேன். ரெண்டு பேரும் ஒரே ஆட்டோலதான் கோர்ட்டுக்கு வருவோம்."

"அப்போ ரெக்கார்டு பொய்யா, மேடம்?"

"நீங்க எத்தனை பக்கம் படிச்சீங்க?"

அரியநாயகம் தலை குனிந்தார். பெயர்கள் இருந்த முதல் பக்கத்திலேயே அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. அதற்கு மேல் புரட்டவில்லை.

"புரட்டுங்க. கடைசியில சொத்து விவரம் இருக்கும்."

நகலைப் புரட்டினார். அதுவும் பாகப்பிரிவினை வழக்குதான். எதிரே கோர்ட்டில் டவாலி கூப்பிடுகிற சத்தம் கேட்டது. விரல் திரவியம் வீட்டு எல்லைகளைத் தடவிக்கொண்டே போய் ஒரு இடத்தில் நின்றது. 'வடக்கே பொதுச் சந்து.' கீழே, எல்லாம் உண்மை என்று திரவியத்தின் கையெழுத்து.

"மேடம்..."

"அந்த வரியை அடிங்க. இந்த வரியை எழுதுங்க. ஓடுங்க."

திரவியம் தன் வக்கீலோடு முன்னமே வந்து நின்றிருந்தான். மொட்டைத் தலையில் மயிர் இப்போதுதான் முளை விட்டிருந்தது. தங்கள் பக்கம் கேட்காமல் உத்தரவு போடக் கூடாது என்று மனு கொடுத்து வைத்திருந்தார்கள். அது அவன் சொந்த இடம், சந்து என்ற ஒன்று என்றைக்குமே இருந்ததில்லை என்று அவன் வக்கீல் அடித்துப் பேசினார். செண்பகவல்லி நகலை நீட்டினார். நீதிபதி படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"இது உங்க கையெழுத்தா?"

திரவியம் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

"ஆமாங்கய்யா."

சுவருக்குத் தடை விழுந்தது.

வெளியே வந்ததும் பேச்சித்தாய் கையெடுத்துக் கும்பிட்டாள். திரவியம் படியிறங்கி, யாரையும் பாராமல் போய்க்கொண்டிருந்தான்.

"என்ன மொட்டை? வேண்டுதலா?" என்று கேட்டார் அரியநாயகம்.

பேச்சித்தாயின் குரல் இறங்கியது. "அவன் ஆத்தா போன மாசம் போயிருச்சு சார். கடைசி வரைக்கும் இவன்தான் தூக்கிக் குளிப்பாட்டுனான். நான்கூட நெஞ்சுல அடிச்சு அழுதேன்."

"இதை ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"நீங்க கேக்கலையே சார். ஆபீஸ் ஆபீஸால்ல அலைஞ்சீங்க." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "எனக்கும் ஆத்திரம். எழுதட்டுமேன்னு இருந்துட்டேன்." சொல்லிவிட்டு, திரவியம் போன அதே வழியில், கொஞ்சம் பின்தங்கியே போனாள்.

அரியநாயகம் மெல்லக் கேட்டார். "மேடம், அந்த வரியும் இருந்திருந்தா, ஜெயிச்சிருக்க மாட்டோமா?"

"ஜெயிச்சிருப்போம்."

"அப்புறம் ஏன்?"

செண்பகவல்லி கவுனைக் கழற்றி மடித்தார்.

"நாளைக்கும் அவங்க ரெண்டு பேரும் அந்தச் சந்துலதான சார் எதிரெதிரே வரணும்?"

மடித்த கவுனைக் கையில் போட்டுக்கொண்டு அவர் நடந்தார். அரியநாயகம் அங்கேயே நின்றார். அப்புறம் வழக்குக் கட்டைப் பிரித்து, விட்ட இடத்திலிருந்து அந்த நகலின் இரண்டாம் பக்கத்தைப் படித்துக்கொண்டே போனார்.