சட்டிமரத்தை மேய்ந்தது யார்?

மலைக்காட்டில் ஒரு கரடி, ஒரு குரங்கு, ஒரு அணில், ஒரு வரையாடு இருந்தன. நாலுக்கும் சேர்த்து ஒரே ஒரு செல்லம். அது ஒரு சின்ன மரம்.

பாழடைந்த பங்களாவின் வாசலில் கிடந்ததைக் குரங்கு தூக்கி வந்திருந்தது. போன்சாய் என்று தட்டைச் சட்டியில் குறுக்கி வளர்ப்பார்களே, அப்படி வளர்ந்த ரெட்வுட் என்ற சீமை மரக் கன்று அது. மண்ணில் விட்டிருந்தால் மேகத்தை முட்டியிருக்கும். சட்டியில் இருந்ததால் ஆட்டின் முழங்கால் உயரம்தான். கரடியின் குகைக்கு மேலே ஒரு பாறையில் அதை வைத்தார்கள்.

தட்டைச் சட்டியில் ஈரம் நிற்காது. தினமும் தண்ணீர் விட வேண்டும். "எனக்குத் தூக்கம் வருது" என்றது கரடி. "எனக்கு ஏகப்பட்ட வேலை" என்றது குரங்கு. என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. கடைசியில் ஆடுதான் சுனைக்குப் போய், வாய் நிறையத் தண்ணீர் கொண்டுவந்து, மெதுவாக வேரில் விட்டது.

வாடைக்காலம் வந்தது. பச்சை இலைகள் துருப்பிடித்த மாதிரி சிவந்தன. "மரத்துக்கு என்னவோ ஆகுது, வந்து பாருங்க" என்று ஆடு கூப்பிட்டது. ஒருவரும் வரவில்லை.

ஒரு நாள் இரவு சூறைக்காற்று அடித்தது. விடிந்ததும் பாறையில் ஏறிய குரங்கு அலறியது.

"ஐயய்யோ! மரம் மொட்டை!"

எல்லோரும் ஓடி வந்தார்கள். ஒரு இலை கூட இல்லை! வெறும் குச்சி நின்றது. அணிலுக்கு வாயில் இருந்த கொட்டை கீழே விழுந்துவிட்டது.

"யாரு தின்னது?" என்று கரடி உறுமியது.

"இதுல கேள்வி என்ன மாமா?" என்றது குரங்கு. "நம்மளுக்குள்ள இலை மேயறது யாரு? வேலியே பயிரை மேஞ்சிருச்சு!"

ஆடு திகைத்துப்போனது. "நானா? நான் பிள்ளை மாதிரி வளர்த்தேன்!"

விசாரணை கூடியது. கரடி குகை வாசலில் தன் படுக்கையிலேயே சாய்ந்து உட்கார்ந்தது. அன்றைக்கு என்னவோ படுக்கை மெத்தென்று இருந்தது. ஏன் என்று அது யோசிக்கவில்லை. சுகமாக இருப்பதை யார் விசாரிப்பார்கள்?

"நான் பார்த்தேன் மாமா!" என்றது அணில். "ஆட்டக்கா தினமும் மரத்துக்கிட்ட வாயைக் கொண்டுபோகும்!"

"தண்ணி விட்டேன்டா தம்பி!"

"வாயை ஊது!" என்றது குரங்கு. ஆடு ஊதியது. "இலை வாசனை! இலை வாசனை!" என்று குரங்கு குதித்தது. ஆட்டின் வாயில் வேறு என்ன வாசனை வரும்? ஆனால் அதை யாரும் கேட்கவில்லை.

"ஆடு தொடாத இலை ஆடாதோடை ஒண்ணுதான் மாமா! பேரே சொல்லுதே!" என்றது குரங்கு.

கரடி தலையை ஆட்டியது. "தீர்ப்பு இதுதான். ஆடு இப்பவே மலையை விட்டு இறங்கணும்."

கீழே இருந்தது சிறுத்தைப் பள்ளம். அங்கே போன ஆடு எதுவும் திரும்பி வந்ததில்லை.

"செத்த மரம் இனி எதுக்கு?" என்று குரங்கு பாறைக்குத் தாவி, மரத்தை ஒரே இழுப்பில் பிடுங்கிக் கீழே எறிந்தது!

ஆடு வீறிட்டது. "பாவி! வேரைப் பாரு! வெள்ளை வெளேர்னு ஈரமா இருக்கு! மரத்துக்கு உசிர் இருக்கு! காத்துல காயுது, சட்டியையும் மண்ணையும் கொண்டாங்க! என்னை அப்புறம் துரத்திக்கலாம்!"

அந்தக் குரலில் கரடியே அதிர்ந்து எழுந்து நின்றது.

அணில் கண்ணை அகல விரித்தது. "மாமா... உங்க பின்னால என்ன அது?"

கரடி திரும்பிப் பார்த்தது. அதன் பின்புறம் முழுக்கச் சிவந்த இலைகள் ஒட்டிக்கொண்டிருந்தன! எல்லாம் இறகு போன்ற அதே சின்ன இலைகள். படுக்கையிலும் அதே இலைதான், மெத்தை விரித்த மாதிரி! மேலே பாறையில் உதிர்ந்ததைக் காற்று மொத்தமாகக் குகை வாசலில் கொண்டுவந்து கொட்டியிருந்தது. ரெட்வுட்டிலேயே, குளிர் வந்தால் தானாக இலை உதிர்க்கும் சாதி அந்த மரம்.

ஆடு மட்டும் அதையெல்லாம் பார்க்கவில்லை. குளம்பால் மண்ணைத் தள்ளி வேரை மூடிக்கொண்டிருந்தது. முதலில் கரடி சட்டியை எடுத்துவந்து, மரத்தை அதில் நிறுத்தி, குனிந்து மண் அள்ளிப் போட்டது. பிறகு குரங்கு, தலை நிமிராமல், சுனைக்குத் தண்ணீர் கொண்டுவரப் போனது.

பங்குனியில் அந்தக் குச்சியில் கடுகு கடுகாகப் பச்சைத் துளிர் விட்டது. கரடி ஓடி வந்து பார்த்தது. "ஆட்டம்மா, என்னை மன்னிச்சிரு" என்றது.

"மன்னிச்சேன். ஆனா இனிமே தீர்ப்புச் சொல்றப்போ நின்னுக்கிட்டே சொல்லுங்க!" என்றது ஆடு.

அடுத்தவர் வாயை முகர்ந்து பார்க்கும் முன், நாம் எதன் மேல் உட்கார்ந்திருக்கிறோம் என்று ஒரு தடவை எழுந்து பார்க்க வேண்டும்.