தலைவர் ட்ரோன் விட்ட தூரம்

இருட்டின பிறகு, குளவிக் கூட்டம் கலைந்தது போல ஓர் இரைச்சல் கேட்டது. படல் மறைவில் குளித்துக்கொண்டிருந்த தங்காயி அண்ணாந்து பார்த்தாள். தலைக்கு நேர் மேலே ஒரு ட்ரோன்! ஈரச்சேலையைச் சுழற்றி வீசினாள். அது சுருண்டு விழுந்தது.

விடிந்ததும் ஊராட்சித் தலைவர் பொன்னுரங்கம் போலீஸ்காரரோடு வந்து நின்றார். வீட்டைச் சோதனை போட, பெண்துணைக்குத் தன் மனைவி இருசாயியையும் கூட்டி வந்திருந்தார்.

"திருட்டுக் கழுதை! எடுடி என் ட்ரோனை. இல்லேன்னா பிள்ளையோட ஸ்டேஷன்ல கிடப்பே!"

தங்காயி இடுப்புப் பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். நாக்கில் மட்டும் தேன் சொட்டியது.

"தர்றேனுங்க தலைவரே. மலைக்காட்டுல கிடக்கிறவளுக்கு என்ன தெரியும்? அதைப் பறக்க விடுறதுக்கெல்லாம் சட்டம் உண்டுங்களா?"

போலீஸ்காரர் பக்கத்தில் நிற்கையில் சட்டம் பேசக் கசக்குமா? தலைவர் தொண்டையைச் செருமினார்.

"காடானாலும் சட்டம் சட்டம்தான். நானூறு அடிக்கு மேலே போகக்கூடாது. முக்கியமா, விடுறவன் கண்ணுக்குத் தெரியிற தூரத்துலதான் பறக்கணும்."

"நீங்க அப்படித்தான் விடுவீங்களா?"

"மயிரிழை பிசகமாட்டேன்!"

"அப்போ நேத்து நான் குளிக்கையில, இந்தப் படலுக்குப் பக்கத்துல எங்கேங்க நின்னீங்க?"

"ஐயையோ! நான் என் வீட்டு மாடியிலதானே..." தலைவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"நடுவுல ஒரு மலை இருக்குதே, தலைவரே," என்றார் போலீஸ்காரர். "புகாரை எப்படி எழுதட்டும்?"

"புகாரெல்லாம் ஒண்ணும் வேண்டாம்ப்பா."

இருசாயி முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு விறுவிறுவென்று தன் வீட்டுக்கு நடந்தாள். பின்னாலேயே ஓடிய தலைவர் வாசலை எட்டுவதற்குள், உள்ளேயிருந்து தாழ்ப்பாள் விழுந்தது.