பனியன்காரர் குடியிருந்த சுவர்

தென்காசி ரோட்டில், பஸ்கள் மெதுவாகத் திரும்புகிற ஒரு வளைவில், ஒரு காலத்தில் பேச்சுக் கேட்டே நொந்துபோன சுவர் ஒன்று இருந்தது. அது முப்பிடாதி வீட்டு முன்சுவர். பீடி சுற்றிச் சுற்றி விரல் தேய்ந்து, செங்கல் செங்கலாகச் சேர்த்து, சித்தாளோடு சித்தாளாகக் கல்லும் சுமந்து அவள் எழுப்பிய வீடு அது. பூச்சின் ஈரம் காய்வதற்குள் அவள் புருஷன், "ஓசியில பெயிண்ட் அடிச்சுத் தாராவளாம்" என்று அந்தச் சுவரை ஒரு பனியன் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டான். புண்ணியவான் போய்ச் சேர்ந்தும் பனியன் போகவில்லை.

சுவர் முழுக்க ஒரு பனியன்காரர். முறுக்கு மீசை, புடைத்த மார்பு, காது வரைக்கும் சிரிப்பு. மினுமினுக்கிற எனாமல் பெயிண்டில் வரைந்த ஆள். வாய் மட்டும் ஓயவே ஓயாது.

"ஏலே செவரே, நான் இல்லாட்டா ஒன்ன எவன் திரும்பிப் பாப்பான்?"

"சரிதான் அண்ணாச்சி" என்று சொல்லும் சுவர். வேறென்னத்தைச் சொல்ல? அது தன் முகத்தை ஒரு நாளும் பார்த்ததில்லையே!

ஊரில் யார் வாயிலும் முப்பிடாதி என்ற பேர் வராது. "பனியன் வீடெல்லாம் இறங்கு" என்பார் கண்டக்டர். பீடிக் கடையில் இலை வாங்கப் போனால், "பனியன் வீட்டம்மா வந்தாச்சு" என்பார்கள். ஒரு நாள் சொந்தக்காரர்களே கல்யாணப் பத்திரிகையில் அப்படி எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். முப்பிடாதி அதை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் வாசலில் உட்கார்ந்திருந்தாள். சுவருக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது, தன்னை நினைத்தால் வெட்கமாகவும் இருந்தது.

பெயிண்ட் வெளுக்கத் தொடங்கியதும் கம்பெனி ஆள் பைக்கில் வந்து இறங்கினார்.

"தங்கச்சி, ஞாயித்துக்கெழம ஆள் வரும். வீடு பூராவும் ரோஸ் கலர் அடிச்சுத் தாரோம், ஒரு பைசா வேண்டாம். முன்பக்கம் மட்டும் நம்ம படம். இந்தத் தடவை இன்னும் பெருசா."

"யோசிச்சுச் சொல்லுதேன் அண்ணாச்சி."

"ஓசியில வாரதுக்கு என்ன யோசனை?" என்று சிரித்துவிட்டு அவர் சுவரை அளந்துகொண்டு போனார்.

பனியன்காரருக்குத் தலைகால் புரியவில்லை. "கேட்டியால? இனிமே வாசப்படி வரைக்கும் நான்தான்!" சுவர் நினைத்துப் பார்த்தது. இந்தத் தடவையும் எழுதிவிட்டால் அவ்வளவுதான், அந்த வீட்டில் முப்பிடாதி என்று ஒருத்தி இருந்த தடமே இருக்காது.

மறுநாள் முப்பிடாதி சந்தையிலிருந்து ஒரு கூடை சுண்ணாம்புக் கல், கொஞ்சம் வஜ்ஜிரப் பசை, ஒரு பொட்டலம் நீலம், வெள்ளையடிக்கிற மட்டை ஒன்று, இவ்வளவும் வாங்கி வந்தாள். அவள் கைக்கு எட்டியது அதுதான்.

பனியன்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "எனாமல் எங்கே, சுண்ணாம்பு எங்கே!"

டிரம்மில் தண்ணீரை ஊற்றியதும் சுண்ணாம்பு கொதித்தது பாருங்கள், அம்மாடி! "தள்ளு தள்ளு, எவனும் கிட்ட வராதே!" என்று அது போட்ட சத்தத்தில் கோழியெல்லாம் ஓடியது. விடிந்தபோது கோபம் ஆறி, தயிர் மாதிரி சாதுவாகிவிட்டது. முப்பிடாதி சேலையை வரிந்து கட்டிக்கொண்டு அடித்தாள். மத்தியானத்துக்குள் சுவர் வெள்ளை வெளேரென்று ஆனது. சுவருக்குக் கொள்ளாத சந்தோஷம்.

சாயங்காலம் வெள்ளை காய்ந்து, பொரித்த அப்பளம் போல ஏடு ஏடாக உதிர்ந்தது. முதலில் மீசை எட்டிப் பார்த்தது, அப்புறம் பல்.

"எங்கே போயிருவேன்னு நெனைச்சே?" என்றார் பனியன்காரர்.

"நீயும் கைவிட்டுட்டியே!" என்று சுவர் சுண்ணாம்பிடம் அழுதது.

"என் மேல பாயாதே" என்றது சுண்ணாம்பு. "இந்த மினுக்குக்கு மேல என்னால நிக்க முடியாது. அது போயி ஒன் சொந்தத் தோலு சொரசொரன்னு கெடைக்கட்டும், அப்புறம் நீ போன்னாலும் நான் போக மாட்டேன்."

சனிக்கிழமை காலை முப்பிடாதி அடுப்படியிலிருந்து தேய்ந்த தோசைக்கரண்டியோடு வந்தாள். "இது எதுக்கு?" என்றது சுவர்.

"கருகுன தோசையெல்லாம் என் கைக்குத்தான் வரும்" என்றது கரண்டி. "வலிக்கும் மக்கா, பொய் சொல்ல மாட்டேன்."

சர்ரென்று ஓர் இழுப்பு. சுவர் அலறிவிட்டது. பனியன்காரர் குரலைத் தேனாக்கிக்கொண்டார். "ஏலே, என்னை உரிச்சா ஒன் மூஞ்சில என்ன மிச்சம் இருக்கும்? குழியும் கீறலும்தான். ஒரு துண்டு பூச்சை உதிர்த்துவிடு. செவரு விழுந்துரும்னு பயந்து அவளே நிறுத்திருவா. நாளைக்கு ரோஸ் கலர் வருது!"

அவர் சொன்னது நடக்கத்தான் பார்த்தது. ஓர் ஓரத்தில் பூச்சு லேசாக அசைந்ததும் முப்பிடாதி திடுக்கிட்டுக் கையை எடுத்தாள். "ஐயோ, பேந்துருமோ?" என்று உள்ளங்கையால் பொத்திப் பிடித்தாள். கொப்பளம் கண்ட கை. கல் சுமந்து தன்னை நிறுத்திய அதே கை என்று சுவருக்குத் தெரியாதா என்ன? அது பல்லைக் கடித்துக்கொண்டு, இருந்த பலத்தையெல்லாம் கூட்டி, ஒவ்வொரு மணலையும் இறுக்கிப் பிடித்தது. "சுரண்டு தாயி, நான் விழ மாட்டேன்."

அவள் தட்டிப் பார்த்தாள். கல் மாதிரி நின்றது. மறுபடி கரண்டியை எடுத்தாள்.

மீசை போனது, மார்பு போனது, கடைசியாக அந்தச் சிரிப்பும் போனது. அதன் பிறகு சுண்ணாம்பு சுவரைக் கட்டிப் பிடித்த பிடி இருக்கிறதே, பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்! வஜ்ஜிரம் ஒட்ட, நீலம் குளிர, பொழுது சாய்வதற்குள் துவைத்துக் காயப்போட்ட வேட்டி போல நின்றது வீடு. குழி குழிதான், கீறல் கீறல்தான். ஆனாலும் என்ன அழகு! பஸ்ஸில் போனவர்கள் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கம்பெனி ஆள் வீட்டைத் தாண்டிப் போய்விட்டு, தலையைச் சொறிந்துகொண்டு திரும்பி வந்தார். இறங்கி, வாயைப் பிளந்து பார்த்தார்.

"நாங்க அடிச்சாக்கூட இப்படி வராது தங்கச்சி. சும்மா சொல்லக்கூடாது" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "செவரு காலியா, பளிச்சுன்னு கெடக்கு. இதுல எழுதினா எவ்வளவு எடுப்பா இருக்கும்! இந்தத் தடவை ரூபாயும் தாரோம்."

சுவர் முப்பிடாதியைப் பார்த்தது.

முப்பிடாதி சுண்ணாம்பு இன்னும் போகாத கையைச் சேலையில் துடைத்தாள்.

"காலியாவா கெடக்கு? நல்லாப் பாருங்க அண்ணாச்சி, முப்பிடாதி வீடு நிக்குல்லா!"